ஒட்டுத் தெரியாத வேலை

ஒட்டுப் போட்டு இருபது மணி நேரம் ஆகியும் காயவில்லை.

டேஷ் அக்கா கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இறுகியிருக்க வேண்டியது. நகம் உள்ளே போனது, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல். எடுத்தபோது நகக்கண்ணில் கறுப்பாக ஒரு கீற்று கூடவே வந்தது. பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். தின்னர் வாடை. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பதினாறு வருடமாக அவள் மூச்சு விடுவதே அந்த வாடையில்தான். ஆனால் தின்னருக்கு அடியில் இன்னொன்று இருந்தது. இனிப்பாக. டப்பாவில் வைத்து மூடி மறந்துபோன பழத்தை ஒரு மாதம் கழித்துத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி இனிப்பு.

"என்ன அண்ணி, விரலை மோந்து பாத்துட்டே நிக்கிறீங்க? ருசியா இருக்கா?" என்றாள் நாத்தனார், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"காயலடி."

"நீங்க போட்ட ஒட்டா காயல? அப்ப இன்னிக்கி மழைதான்."

தகரக் கூரைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் பாதி டேஷ் அக்காவுடையது, மீதி நாத்தனாருடையது. இவள் வெயிலில் வெடித்த கார் டேஷ்போர்டுகளைச் சரிசெய்வாள். அவள் சீட்டுக்கு உறை தைப்பாள். வெடிப்பு எங்கே இருந்தது என்று வண்டிக்காரனே தேடித் தோற்கிற அளவுக்கு வேலை சுத்தம். அதனால் வந்த பட்டப்பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்று கொட்டகையில் நிற்பது வாடிக்கையாளர் வண்டி இல்லை. அவள் கணவனுடையது. விடியற்காலையில் கிளம்பி விமான நிலையத்துக்கும் ஹோட்டல்களுக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுவான். வழி காட்டுவதற்கு ஒரு ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தான். உள்ளங்கை அகலத்தில் திரை, முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ரப்பர் கிண்ணம். போனிலேயே வழி பார்க்கலாம்தான்; சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில் எவனாவது கூப்பிட்டு "எங்க இருக்கீங்க" என்பான், வரைபடம் மறைந்துவிடும்.

அந்த ரப்பர் கிண்ணம்தான் எமன். வெயில் ஏறினால் பிடி விட்டுவிடும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது கருவி தொப்பென்று விழுந்து பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால், எதிரே லாரியின் பின்பக்கம். ஒரு சாண் இடைவெளியில் நின்றதாம் வண்டி. வீட்டுக்கு வந்து அதை நகைச்சுவைத் துணுக்கு மாதிரி சொன்னான். நாத்தனார் சிரித்தாள். டேஷ் அக்கா சிரிக்கவில்லை. அந்த ஒரு சாண் அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் கிளம்பிப் போகிற ஒவ்வொரு காலையும் அதை அளந்து அளந்து பார்த்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"இனிமே அது விழவே விழாது. டேஷுக்குள்ளயே வெச்சுத் தரேன்."

ரேடியோவுக்கு மேலே பேனா, ரசீது போட்டு வைக்கிற குழி ஒன்று உண்டு. அதைக் கழற்றி, உள்தகட்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கருவி உட்காருகிற அளவுக்கு அரத்தால் ராவினாள். வெயிலில் உப்பிக்கொள்ளும் என்று கருவியின் பேட்டரியை எடுத்துவிட்டு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற வயரை இழுத்துக் கொடுத்தாள். அதுவரை எல்லாம் அவள் தூக்கத்திலும் செய்கிற வேலை. திரையைச் சுற்றி வருகிற சட்டத்துக்குத்தான் அதே நிறத்தில், அதே பொடிப்புள்ளி வைத்த பிளாஸ்டிக் வேண்டியிருந்தது. வண்டி உடைக்கிற யார்டுக்குப் போனாள். ஞாயிறு என்பதால் யார்டுக்காரர் இல்லை. காவலுக்கு இருந்தவர் "உனக்குத் தெரியாததா, நீயே பாத்துக் கழட்டிக்க" என்று கதவைத் திறந்துவிட்டார். கடைசி வரிசையில், சுவரோரம், அதே மாதிரி கார் ஒன்று. முன்கண்ணாடியில் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி. எந்த யார்டிலும் பெருக்கல் குறி என்றால் இன்ஜின் விற்றாகிவிட்டது, மற்றதை யாரும் எடுக்கலாம் என்று அர்த்தம். அவள் டேஷின் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

பொடிப்புள்ளிகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. பளபளப்புக்குப் போடுகிற பாலிஷ் வெயிலில் காய்ந்தால் அப்படித்தான் ஆகும். வழக்கமாகச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவாள். அன்று அவசரம். எப்படியும் கரைக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டாள்.

அதுதான் அவள் கைத்தொழிலின் ரகசியம். கடைப் பசை எதையும் தொடமாட்டாள். அதே பிளாஸ்டிக்கைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தின்னர் ஊற்றி மூடி வைப்பாள். ஒரு ராத்திரியில் கறுப்புக் கூழாகிவிடும். அதை வழித்து ஒட்டில் பூசினால், காய்ந்தபின் இதுவும் அதுவும் ஒரே தோல். மேலே ரப்பர் அச்சு வைத்து அழுத்திப் புள்ளியையும் கொண்டுவந்துவிடுவாள். பின்னால் கழற்றிப் பழுது பார்க்க வசதியாக எங்காவது ஒரு ஸ்க்ரூ மறைத்து வைப்பது வழக்கம். கணவன் வண்டிக்கு அதுகூட வேண்டாம் என்று தோன்றியது. ஸ்க்ரூ என்று ஒன்று இருந்தால் ஒரு நாள் ஆடும். ஆடினால் விழும்.

முழுக்கப் பூசி மூடிவிட்டாள்.

மதியத் தூக்கம் கலைந்து, முகம் கழுவிக்கொண்டு வந்தான் அவன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, திரையையும் டேஷையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது எங்க ஆரம்பிக்குது, அது எங்க முடியுது?"

"தெரிஞ்சா அது வேலையா?"

"கம்பெனில இருந்தே இப்படி வந்த மாதிரி இருக்கு மா." சட்டத்தை விரலால் வருடினான். விரல் லேசாக ஒட்டி, 'ப்ச்' என்ற சின்னச் சத்தத்தோடு விட்டது.

"தொடாதீங்க, இன்னும் ஈரம். ஒரு நாள் விட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஏழு மணிக்கு ஒரு வெளிநாட்டுப் பார்ட்டி இருக்கு. வழியிலேயே காஞ்சுடும் விடு."

விட்டுவிட்டாள்.

*

மூன்றாம் நாள் மதியம் வண்டி கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பே வாடை நுழைந்தது.

நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, வண்டிக்குள்ள எலி செத்துக் கிடக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்பத்தான் தெரிஞ்சுது? உன் சாக்ஸையே நீ மூணு நாள் போடுற ஆள்."

அவன் சிரிக்கவில்லை. காலையில் ஒரு பயணி பாதி வழியில் இறங்கிக்கொண்டாராம். இன்னொரு அம்மா குழந்தையோடு ஏறி, குழந்தை வாந்தி எடுத்து, அவரும் எடுத்து, ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டுக் கண்டபடி பேசியிருக்கிறார்கள். அதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு, உதடுகளை அதிகம் பிரிக்காமல் சொன்னான்.

"ஏன் வாயைத் திறக்காமப் பேசுறீங்க?"

"ஈறு வீங்கியிருக்கு. ஒண்ணும் இல்ல."

அண்ணியும் நாத்தனாருமாக வண்டியைப் பிரித்துப் போட்டார்கள். இருக்கைகளைக் கழற்றினார்கள். கால்மிதி, ஏசி வடிகட்டி, ஸ்டெப்னி வைக்கிற குழி. எலி இல்லை. எலிப் புழுக்கைகூட இல்லை. நாத்தனார் நாய் மாதிரி மோந்துகொண்டே முன்னால் வந்தாள். ஸ்டீயரிங்கைத் தாண்டினாள். திரைக்கு முன்னால் வந்து நின்றாள். குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்து, கொட்டகைக்கு வெளியே போய்த் துப்பினாள்.

டேஷ் அக்கா உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

திரையைச் சுற்றிப் பூசியது மட்டமாக இல்லை. அவள் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கிய விளிம்பு உப்பியிருந்தது. பல்லைச் சுற்றி ஈறு ஏறியிருக்குமே, அப்படிக் கண்ணாடியின் நான்கு ஓரத்திலும் கறுப்பாக ஏறி, ஒரு நெல் அகலத்துக்குத் திரையை மூடியிருந்தது. பளபளவென்று ஈரம். மேல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு முத்து கோத்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கனத்து, நீண்டு, திரையின் மேல் வழிந்தது. பஞ்சுத்துணியால் துடைத்தாள். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. விரலுக்கு விரல் நூலாக இழுத்தது. துணியை முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சுருட்டி வெளியே எறிந்தாள்.

தின்னர் சரியில்லை, அவ்வளவுதான். கலப்படம். சொல்லிக்கொண்டாள்.

"கருவி வேலை செய்யுதா?" என்று வெளியே பார்த்துக் கேட்டாள்.

"எங்க? நீ மாட்டித் தந்ததுலேருந்து ஒரே பாட்டு. நீயே பாரு."

சாவியைத் திருப்பினாள். திரை நீலமாக விழித்தது. *சிக்னல் இல்லை. கூரையுள்ள இடத்திலிருந்து திறந்த வெளிக்குச் செல்லவும்.* தகரக் கூரைதான் காரணம் என்று வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லாத வானம். *சிக்னல் இல்லை. கூரையுள்ள இடத்திலிருந்து திறந்த வெளிக்குச் செல்லவும்.*

அவன் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். "இந்த மஞ்சப் பட்டனை அழுத்தினா திரும்பத் தேடும்" என்று சொல்லி, சுட்டுவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டான். ரசீதுப் புத்தகம் புரட்டிப் புரட்டி வந்த பழக்கம்; எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் நாக்கில் ஒரு தடவல். ஈரவிரலைத் திரையில் வைத்து அழுத்தினான். விரலின் பக்கவாட்டில் அந்தக் கறுப்பு விளிம்பு பட்டது. தேடுகிறது என்று வந்தது. நின்றது. மறுபடி விரல் நாக்குக்குப் போனது. மறுபடி திரை. மறுபடி நாக்கு.

"ஐயோ, கையை வாயில வைக்காதீங்க." அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு."

"சும்மா இரு மா. புது பிளாஸ்டிக் வாசனைதான் இது. எனக்குப் பிடிச்சிருக்கு."

சொன்னபோதும் உதடு பிரியவில்லை.

அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறதாம். மறுநாளும். அதற்கு மறுநாளும். தட்டில் வைத்த ரொட்டியும் முட்டையும் ஆறிப்போய் அப்படியே கிடந்தன. ஹோட்டல்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றியும் அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கொட்டகை வாசலில் நிற்கிற வண்டிக்குள் போய், கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, கொதிக்கிற உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் டேஷின்மேல். நெற்றி கைகளின்மேல். தூங்குகிறானா என்று போய்ப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. மூச்சுப் படிந்து கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் வழவழவென்று வேர்த்திருந்தது.

"அண்ணாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்றாள் நாத்தனார். இப்போது அவள் கேலி செய்வதை நிறுத்தியிருந்தாள். வாடையைவிட அதுதான் டேஷ் அக்காவை அதிகமாகப் பயமுறுத்தியது.

"முதல்ல அந்த மூடி எங்க இருந்து வந்துதுன்னு கேக்கணும்."

*

யார்டுக்காரர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசையா? சுவரோரம்?" கிளாஸைக் கீழே வைத்தார். "அதுல குறி போட்டு வெச்சிருந்தேனே தங்கச்சி."

"பெருக்கல் போட்டா இன்ஜின் வித்தாச்சுன்னு தானே அண்ணா அர்த்தம்."

"இதுக்கு மட்டும் தொடாதீங்கன்னு போட்டேன். என் ஆளுங்களுக்குத் தெரியும். நீ வருவேன்னு நான் கண்டேனா?"

"ஏன் தொடக் கூடாது?"

அவர் தோளிலிருந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். டீயை எட்டித் தள்ளி வைத்தார், இனி அது இறங்காது என்பதுபோல.

"அடுக்குமாடி ஒண்ணுல, தரைக்குக் கீழ பார்க்கிங். ஒரு மனுஷன் வண்டியை நிறுத்திட்டு இறங்கவே இல்ல. நெஞ்சுவலியா என்னன்னு தெரியல. கண்ணாடி எல்லாம் ஏத்தியிருந்துது. வெளியூர் போயிருக்கார்னு வீட்டுல நெனச்சுட்டாங்க. நல்ல வெயில் காலம் வேற." விரல்களை மடக்கி எண்ணினார். "பதினோரு நாள்."

அவளுக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. விழுங்க முடியவில்லை.

"எப்படி உக்காந்திருந்தார்?"

"அது எதுக்கு உனக்கு?"

"சொல்லுங்க அண்ணா."

"முன்னால சாஞ்சு. டேஷ் மேல ரெண்டு கையையும் வெச்சு, கை மேல மூஞ்சியை வெச்சு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எடுக்கும்போது முழுசா வரலையாம் தங்கச்சி. வழிச்சுத்தான் எடுத்தாங்களாம். நாங்க மூணு தடவ தண்ணி அடிச்சோம். அந்தப் புள்ளிக்குள்ள போனது மட்டும் போகவே இல்ல. வெள்ளையா நின்னுபோச்சு."

வெள்ளையாக. பாலிஷ் மாதிரி.

நறுக்கியது ஞாபகம் வந்தது. கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக. பாட்டிலில் போட்டுக் குலுக்கியது. கூழ் பதம் வந்துவிட்டதா என்று இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தது. கையைச் சரியாகக் கழுவாமல் அன்று ரொட்டி தின்றது.

யார்டு வாசலில், உடைந்த கதவுகளுக்கு நடுவே குந்தி, அவள் வாந்தி எடுத்தாள். ஒன்றும் வராதபோதும் வயிறு விடவில்லை.

*

திரும்பி வரும்போது மணி மூன்று. அவனைக் கைபிடித்து வண்டியிலிருந்து இறக்கினாள். பிடித்த கை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. டேஷிலிருந்து அவன் உள்ளங்கை பிரிந்தபோது, நீளமாக நாலைந்து நூல் இழுபட்டு, அறுந்து, அவன் சட்டையில் சுருண்டது. ஸ்டூலில் உட்காரவைத்தாள். உட்கார்ந்தான்.

"நீ வீட்டுக்குப் போடி" என்றாள் நாத்தனாரிடம்.

"நீங்க?"

"வெட்டி எடுக்கப் போறேன். எடுத்துட்டா சரியாயிடும். உங்க அண்ணாவுக்கு ஒண்ணும் ஆகாது."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முகத்துக்கு இரட்டைத் துணி. கைக்கு ரப்பர் உறை. பக்கத்தில் தண்ணீர் வாளி. ரம்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள். மூடிய வண்டிக்குள் காற்று கெட்டியாக இருந்தது. மூச்சாக இழுக்க முடியவில்லை, மென்று விழுங்க வேண்டியிருந்தது. விளிம்பு இப்போது பாதித் திரைவரை ஏறியிருந்தது. சாவியை அவன் திருப்பியபடியே விட்டிருந்தான்; நடுவில் பிதுங்கிக்கொண்டிருந்த கண்ணாடியில் எழுத்துகள் துண்டாகத் தெரிந்தன. *கூரையுள்ள. வெளிக்கு.*

மறைத்த ஸ்க்ரூ ஒன்று இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இப்போது எங்கே வைத்து அறுப்பது? எங்கே ஒட்டு? தடவித் தடவிப் பார்த்தாள். உறைக்குள் விரல் வழுக்கியது. குத்துமதிப்பாக வைத்து ரம்பத்தை இழுத்தாள்.

பிளாஸ்டிக் அறுபட்டால் கீச்சென்று சத்தம் வரும். தூள் பறக்கும். இது சத்தமே போடவில்லை. ரம்பம் உள்ளே போனது. கொழுப்பில் போகிற மாதிரி. இழுத்தாள். பற்களுக்கு இடையில் நரைத்த மயிர். நீளமாக. ஒன்று, இரண்டு, ஒரு கொத்து. அது வயரைச் சுற்றிய நூலாகக்கூட இருக்கலாம். இருக்கலாம். பார்க்காமல் வாளியில் உதறினாள்.

மறுபடி இழுத்தாள்.

மஞ்சள் வழிந்தது. உறையின் விளிம்பைத் தாண்டி மணிக்கட்டில் இறங்கியது. சூடு.

மறுபடி.

ஒரு பக்கம் விட்டது. விரலைக் கொடுத்துப் பிடுங்கினாள். உள்ளே இன்னும் இருந்தது. அவள் பூசியது ஒரு கைப்பிடிதான். இது வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடியிருந்தது. ஏசிக் குழாயின் உள்சுவரில் படர்ந்திருந்தது. மெல்லியதாக. மடிப்பு மடிப்பாக. கொத்துக்கொத்தாக வழித்து எடுத்தாள். வாளி. வழித்தாள். வாளி. தொண்டை ஓங்கரித்துக்கொண்டே இருந்தது. துணிக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். துணியைக் கழற்றி எறிந்தாள். வழித்தாள்.

வயரை வெட்டினாள். திரை அணைந்தது.

கருவியைப் பிடுங்கி வாளிக்குள் போட்டாள். உடைந்த சட்டம், மூடியின் மிச்சம், கூழ் கலக்கிய பாட்டில், ரப்பர் அச்சு, கையுறை. எல்லாம் வாளிக்குள். கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தின்னரை ஊற்றிக் கொளுத்தினாள். கறுப்புப் புகை எழுந்து, நேராக மேலே போய், கலைந்தது. சாம்பலாகி அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்து வண்டிக்குள் தலையை விட்டு மோந்தாள்.

தின்னர். தகரம். தூசி. அவ்வளவுதான். டேஷில் பெரிய ஓட்டை ஒன்று, கந்தரகோலமான விளிம்புகளோடு. அவள் செய்ததிலேயே படுமோசமான வேலை. அதைப் பார்த்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"முடிஞ்சுதுங்க" என்றாள். "ரப்பர் கிண்ணமே போதும் நமக்கு. விழுந்தா விழட்டும். வழி தெரியலன்னா எவனையாவது நிறுத்திக் கேட்டுக்கங்க."

அவன் ஸ்டூலில் அப்படியே இருந்தான். முகம் தெளிந்திருந்த மாதிரி இருந்தது. கண்ணில் அவளை அடையாளம் கண்ட பார்வை. அதுவே போதும் என்றிருந்தது. பக்கத்தில் போய், வேர்த்த தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் அவள் இடுப்பில் கைபோட்டுக்கொண்டான்.

"பசிக்குதா?"

தலையை ஆட்டினான். இல்லை.

"ஏதாவது பேசுங்களேன்."

அவன் நிமிர்ந்து பார்த்து, "இப்ப நல்லா இருக்கு மா" என்றான்.

வாடை அடித்தது.

கொட்டகையிலிருந்து இல்லை. வண்டியிலிருந்து இல்லை.

அவள் கைகள் தானாக அவன் தலையை விட்டன. ஒரு அடி பின்வாங்கினாள். மேஜைமேல் இருந்த டார்ச்சைத் தடவி எடுத்தாள்.

"ஆ காட்டுங்க."

"ஈறுதான் மா. குறைஞ்சுடுச்சு."

"காட்டுங்க."

காட்டினான். சொட்டு மருந்துக்கு வந்த குழந்தை மாதிரி, கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டு, முடிந்தவரை அகலமாக.

பற்கள் இருந்தன. நுனி மட்டும். மீதியைக் கறுப்பு ஏறி மூடியிருந்தது. பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. அண்ணம் முழுக்கப் பொடிப்புள்ளி. வரிசை பிசகாமல். பக்கவாட்டிலும். நாக்குக்கு அடியிலும். உள்நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. டார்ச் வெளிச்சம் எட்டிய ஆழம்வரை அதே கறுப்பு. அதே புள்ளி. ஈரமாக. மடிப்பு மடிப்பாக.

புள்ளிகளுக்கு நடுவே, வெள்ளையாகப் படிந்திருந்தது.

அண்ணத்தின் உச்சியில் மஞ்சளாக ஒரு முத்து கோத்தது. கனத்தது. நீண்டது. நாக்கில் சொட்டியது.

வாயை மூடாமலே, அவளைப் பார்த்தபடியே, அவன் அதை விழுங்கினான்.